பின்னச்சும் பிடிமானமும்

மாரிகாலத்துச் சேற்று வழியில் வண்டியிழுக்கும் எருதுகளைக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். எருதின் தோளில் எவ்வளவு வலிமை இருந்தாலும், அதன் குளம்பு நிலத்திற் பதியாவிடின் வண்டி ஓரங்குலமும் நகராது. இழுக்கும் ஆற்றல் ஒன்று. அவ்வாற்றலை நிலத்தின்மீது ஊன்றி நிற்கச் செய்யும் பிடிமானம் வேறொன்று. முன்னது இருந்து பின்னது இல்லாவிடில் ஆற்றலனைத்தும் வீணாகும்.

இந்த உண்மையைப் பெரும் பொருட்செலவிற் கற்றுத் தந்த கார்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு காலத்தில் உருவாகின. 1964ஆம் ஆண்டின் மாதிரியாகப் பொன்டியாக் நிறுவனம், தனது நடுத்தர அளவான காரொன்றில் 389 கன அங்குலக் கொள்ளளவுடைய எட்டு உருளை எஞ்சினைப் பொருத்தி, அதனை ஜீ.ரீ.ஓ. என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. அதன் பரிவலு 325 எனவும், மூன்று காபரேற்றர்கள் பூட்டிய வகையின் பரிவலு 348 எனவும் விளம்பரப்படுத்தப்பட்டன. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. செவ்ரோலே கமாரோ, டொட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோட் ரன்னர் முதலியன ஒன்றையொன்று விஞ்சும் எஞ்சின்களோடு வீதிக்கு வந்தன. இக்கார்களை அமெரிக்கர் ‘மசில் கார்’, அதாவது தசைவலி மிக்க கார் என்று அழைக்கலாயினர்.

இன்று இவை அரை நூற்றாண்டைக் கடந்த முதுமை எய்திவிட்டன. ஆயினும் அவற்றைப் பேணிக் காப்போரும், நேர்ப்பாதை ஓட்டப் போட்டிகளில் ஓட்டி மகிழ்வோரும் அந்நாட்டிற் பலர் உளர். அவர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் குறை ஒன்றுண்டு. ஓட்டி மிதியை அழுத்தியதும் எஞ்சின் முழங்குகின்றது. பின் ரயர் புகை கக்குகின்றது. காரோ எதிர்பார்த்த விரைவோடு முன்செல்வதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டுப் பின்னச்சை மாற்றியமைக்கும் வேலையில் அவர்கள் இறங்குகின்றனர். அவ்வேலையின் நெறி யாது, அதில் மறைந்துள்ள இடர் யாது என்பன அறியத்தக்கவை.

குறையின் அளவை ஒரு கணக்கினால் உணரலாம். 1967ஆம் ஆண்டின் கமாரோ கார்களுள் 350 கன அங்குல எஞ்சின் பூட்டியதை எடுத்துக்கொள்க. அவ்வெஞ்சினின் முறுக்குவிசை 380 அடி-இறாத்தல் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. நான்கு கியர்ப் பெட்டியின் முதற் கியர் அதனை 2.52 மடங்காகப் பெருக்குகின்றது. பின்னச்சின் விகிதம் 3.31 எனக் கொண்டால், அது மீண்டும் அம்மடங்காற் பெருகுகின்றது. இவ்வாறு பின் சில்லுகளைச் சென்றடையும் முறுக்குவிசை ஏறத்தாழ 3,170 அடி-இறாத்தல். ரயரின் ஆரை 13 அங்குலமாயின், நிலத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசை 2,900 இறாத்தலுக்கு மேலாகின்றது.

இனி, நிலம் தாங்கக்கூடிய விசை எவ்வளவு என்பதைக் காண்போர் வியப்படைவர். காரின் நிறை 3,500 இறாத்தல் என்றும், கனத்த எஞ்சின் முன்னே இருப்பதால் நிறையின் 56 வீதம் முன் சில்லுகளிற் பொறுக்கின்றது என்றும் கொள்க. எனவே பின் சில்லுகளுக்கு எஞ்சுவது 1,540 இறாத்தல். கார் முன்னோக்கி விரையும்போது நிறையின் ஒரு பகுதி பின்னே சாயும். புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 20 அங்குல உயரத்திலும், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 108 அங்குலமாகவும் இருந்து, ஆர்முடுகல் புவியீர்ப்பினதில் அரைப்பங்காயின், பின்னே சாயும் நிறை சுமார் 320 இறாத்தல். இவ்விரண்டுஞ் சேர்ந்து 1,860 இறாத்தலாகின்றன. உலர்ந்த வீதியில் ரயரின் உராய்வுக் குணகம் 0.9 எனக் கொண்டால், பிடிமானத்தின் எல்லை 1,700 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவேயாம்.

தள்ளும் விசை 2,900. தாங்கும் விசை 1,700. 1972ஆம் ஆண்டுக்கு முன்னர் அமெரிக்க நிறுவனங்கள் எஞ்சினைக் காரிற் பூட்டாமல், துணைக் கருவிகள் பலவற்றையும் நீக்கிவிட்டு அளந்த வலுவையே விளம்பரஞ் செய்தமையாலும், பற்சில்லுகளின் உராய்வினால் ஒரு பகுதி கழிவதாலும், முதல் எண் நடைமுறையிற் சற்றுக் குறையும். குறைந்தபோதிலும் முடிவு மாறாது. புகையாகப் போவது அந்த மிகுதியே.

இக்கணக்கிலிருந்து முதற் பாடம் ஒன்று கிடைக்கின்றது. கார் விரைவாகப் புறப்பட வேண்டுமென்று விரும்புவோர் பலரும் முதலிற் செய்வது, பின்னச்சின் விகிதத்தை 3.31இலிருந்து 4.10ஆக உயர்த்துவதாகும். அப்போது தள்ளும் விசை 3,600 இறாத்தலாக உயரும். தாங்கும் விசையோ அதே 1,700இல் நிற்கும். ஆகவே, பிடிமானம் போதாத காரில் விகிதத்தை உயர்த்துதல் ஓட்டைப் பானையில் மேலும் நீர் வார்ப்பதை ஒக்கும். அன்றியும், 26 அங்குல விட்டமுள்ள ரயரோடு மணிக்கு 60 மைல் வேகத்திற் செல்லும்போது, 3.08 விகிதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,390 முறை சுழலும் எஞ்சின், 4.10 விகிதத்தில் 3,180 முறை சுழல வேண்டியிருக்கும். நெடும்பயணத்தில் இரைச்சலும் எரிபொருட் செலவும் மிகும்.

பின்னச்சின் அமைப்பை அறிந்தாலன்றி மேலே செல்லுதல் அரிது. எஞ்சினின் சுழற்சியைக் காரின் நீளப்பாட்டிற் பின்னே கொண்டுவருவது செலுத்துதண்டு. அதன் முனையிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சில்லு, வளையப் பற்சில்லு எனப்படும் பெரிய சில்லைச் சுழற்றுகின்றது. சுழற்சியின் திசை இங்கே செங்கோணமாகத் திரும்புகின்றது. வேகம் குறைந்து முறுக்குவிசை பெருகுகின்றது. வளையப் பற்சில்லின் நடுவே டிபரன்சியல் அமர்ந்துள்ளது. அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு அச்சுத்தண்டுகள் புறப்பட்டுச் சில்லுகளைச் சென்றடைகின்றன.

மாட்டு வண்டிக்கு டிபரன்சியல் தேவையில்லை. அதன் அச்சு அசையாது நிற்க, இரு சில்லுகளும் தத்தம் போக்கிற் சுழல்கின்றன. திருப்பத்தில் வெளிச்சில்லு விரைந்தும் உட்சில்லு தாழ்ந்தும் சுழல்வதற்குத் தடையேதும் இல்லை. மோட்டார்க் காரிலோ சில்லுகளை எஞ்சின் சுழற்றுகின்றது. இரண்டையும் ஒரே தண்டிற் பிணைத்துவிட்டால், திருப்பத்தில் ஒரு சில்லு நிலத்திற் தேய்ந்தே ஆகவேண்டும். இச்சிக்கலைத் தீர்க்கும் பற்சில்லு அமைப்பை 1827ஆம் ஆண்டளவிற் பிரெஞ்சு நாட்டவரான ஒனெசிபோர் பெக்கேர் என்பவர் நீராவி வண்டியொன்றுக்காக வகுத்தார். இன்று ஓடும் கார்களில் உள்ளதும் அடிப்படையில் அவ்வமைப்பே.

ஆயினும் அவ்வமைப்பில் ஒரு குணம் உண்டு. அது இரு சில்லுகளுக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பங்கிடும். ஒரு சில்லு வழுக்கும் தரையில் நின்று பத்துப் பங்கையே தாங்கவல்லதாயின், மறு சில்லு நூறு பங்கைத் தாங்கவல்லதாயினும் அதற்கும் பத்தே கிடைக்கும். வலியவன் மெலியவனின் அளவுக்கு இறங்கிவர நேர்கின்றது.

மசில் காரில் இம்மெலிவு பெரும்பாலும் வலப்பக்கப் பின் சில்லுக்கே வாய்ப்பதற்குக் காரணமும் உண்டு. செலுத்துதண்டு சுழலும்போது பின்னச்சு முழுவதையும் தன்னோடு திருப்ப முயல்கின்றது. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அது இடஞ்சுழியாகத் தோன்றும். அதனால் இடச்சில்லு நிலத்தில் அழுந்துகின்றது. வலச்சில்லு மேலெழ முயல்கின்றது. சுமை குறைந்த வலச்சில்லு முதலில் வழுக்குகின்றது. டிபரன்சியலின் சமப் பங்கீட்டினால் இடச்சில்லின் பிடிமானமும் பயனற்றுப் போகின்றது. ஓட்டத்துக்குப் பின் வீதியில் ஒரேயொரு கறுப்புக் கோடு காணப்படுவது இதனாலேயாம்.

இரண்டாவது குறை வில்லிற் பிறப்பது. கமாரோ முதலிய கார்களிற் பின்னச்சைத் தாங்குவன நீண்ட தகட்டு வில்கள். சில்லு முன்னோக்கிச் சுழலும்போது, அதன் எதிர்த்தாக்கமாக அச்சின் உறை பின்னோக்கித் திருகுகின்றது. பினியன் இருக்கும் மூக்குப்பகுதி மேலே எழுகின்றது. அப்போது வில் பாம்புபோல் வளைந்து ஆற்றலைத் தன்னுட் சேமிக்கின்றது. ரயர் வழுக்கியதும் வில் சட்டென விடுபட்டு மீள்கின்றது. ரயர் மறுபடி பற்றுகின்றது. வில் மறுபடி வளைகின்றது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நிகழும்போது காரின் பின்புறம் சம்மட்டியால் அடிப்பதுபோல் துள்ளுகின்றது. பற்சில்லும் அச்சுத்தண்டும் முறிவது பெரும்பாலும் இத்துள்ளலின்போதே.

1967ஆம் ஆண்டின் கமாரோவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே தகடு கொண்ட வில்லே பொருத்தப்பட்டிருந்தது. அதிவலு எஞ்சின் பூட்டிய கார்களில் துள்ளல் மிகுந்தமையால், வலப்பக்கத்தில் அச்சின் திருகலைத் தடுக்கும் தண்டொன்று சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வலுமிக்க வகைகளுக்குப் பல தகடுகள் அடுக்கிய வில் வழங்கப்பட்டது. அதிர்வுறிஞ்சிகளும், ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றொன்று பின்னுமாக இடம் மாற்றப்பட்டன. கிறைஸ்லர் நிறுவனத்தார் வேறு வழியைக் கையாண்டனர். அவர்கள் அச்சை வில்லின் நடுவில் வைக்காது முன்புறமாகத் தள்ளி வைத்தனர். அதனால் வில்லின் முற்பகுதி குறுகி, விறைத்து, திருகலை எதிர்க்கும் நெம்புகோலாக நின்றது.

இவற்றை அறிந்தபின் திருத்த வேலையின் ஒழுங்கு தானே புலப்படும். முதலாவது ரயர். நிலத்தைத் தொடும் பொருள் அதுவொன்றே. அக்காலத்து ஒடுங்கிய ரயரை நீக்கி, இக்காலத்து அகன்ற, மென்மையான இறப்பர்க் கலவையாலான ரயரைப் பூட்டினால் பிடிமானத்தின் எல்லை உயரும். போட்டிக்கென ஆக்கப்பட்டவற்றின் உராய்வுக் குணகம் ஒன்றையும் மிஞ்சும். ஆனால் அத்தகைய ரயர் விரைவில் தேயும் என்பதும், அவற்றுட் பல மழை வீதிக்கு ஏற்றனவல்ல என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

இரண்டாவது வில்லும் அதனைச் சார்ந்த உறுப்புக்களும். அச்சின் திருகலைத் தடுக்கும் பிடிமானத் தண்டுகளைப் பொருத்துதல், நெகிழ்ந்துபோன இறப்பர்ப் புதையங்களை மாற்றுதல், அதிர்வுறிஞ்சிகளைப் புதுப்பித்தல் ஆகியன இதில் அடங்கும். தகட்டு வில் உள்ள கார்களில் பினியனின் மூக்கை ஓரிரு பாகை கீழ்நோக்கி வைப்பதும் வழக்கம். விசை ஏறும்போது மூக்கு உயர்ந்து செலுத்துதண்டோடு நேர்கோட்டில் வருமாறு செய்வதே இதன் நோக்கம்.

மூன்றாவது டிபரன்சியல். சமப் பங்கீட்டின் குறையை நீக்கும் பொருட்டு வழுக்கலை வரையறுக்கும் டிபரன்சியல் உருவாக்கப்பட்டது. அமெரிக்கக் கார்களில் பக்கார்ட் நிறுவனம் 1956இல் இதனை அறிமுகஞ் செய்தது. செவ்ரோலே 1957இல் பொசிட்ராக்சன் என்ற பெயரில் வழங்கத் தொடங்கியது. இதில், டிபரன்சியலின் பக்கப் பற்சில்லுகளுக்குப் பின்னே உராய்வுத் தட்டுகள் அடுக்கப்பட்டு வில்லினால் அழுத்தப்படுகின்றன. ஒரு சில்லு வழுக்க முற்பட்டால் தட்டுகளின் உராய்வு அதனைத் தடுத்து, விசையின் ஒரு பகுதியை மறு சில்லுக்கு அனுப்புகின்றது. திருப்பத்திலோ தட்டுகள் சற்று வழுக்கி இடந்தருகின்றன. தட்டுகள் தேயும் இயல்பின, தேய்ந்தால் மாற்றவேண்டும். அவற்றுக்குரிய சேர்மானம் கலந்த எண்ணெயை ஊற்றாவிடில் திருப்பத்தில் அவை முனகும்.

தட்டுகளின்றிச் சுருட்பற்களின் அழுத்தத்தாலேயே இவ்வேலையைச் செய்யும் வகையும் உண்டு. அது ஓசையின்றி இயங்கும். நாளாந்த ஓட்டத்துக்கு இனியது. ஆனால் ஒரு சில்லு நிலத்தைவிட்டு முற்றாக எழுந்துவிட்டால் அதன் பயன் பெரும்பாலும் அற்றுப்போகும். இன்னொரு வகை, பூட்டும் டிபரன்சியல். நேரே செல்லும்போது இரு சில்லுகளையும் இறுகப் பூட்டி, திருப்பத்தில் மட்டும் வெளிச்சில்லை விடுவிப்பது அது. அது பிடித்து விடுபடும்போது ‘கடக்’ என்ற ஓசையும் சிறு குலுக்கமும் எழும்.

இறுதியாக, டிபரன்சியலை அடியோடு நீக்கி இரு தண்டுகளையும் ஒன்றாகப் பிணைத்துவிடும் முறையும் போட்டிக் களத்தில் உண்டு. நேர்ப்பாதை ஓட்டத்துக்கு இதைப்போல் உறுதியானது பிறிதில்லை. பொது வீதிக்கோ இதைப்போல் தகாததும் பிறிதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ரயர் தேய்கின்றது. அச்சுத்தண்டு முறுக்குண்டு களைக்கின்றது. மழை பெய்த வீதியிற் காரின் பின்புறம் முன்னறிவிப்பின்றிப் பக்கவாட்டில் வழுக்கிவிடக்கூடும்.

இம்மூன்றும் நிறைவேறினால் பிடிமானம் கைகூடும். அப்போதுதான், பலர் எண்ணிப்பாராத நான்காவது கேள்வி எழுகின்றது. இதுவரை மிகுதியான விசை எங்கே சென்றது? ரயர் வழுக்கிப் புகையாகச் சென்றது. வழுக்கல் ஒரு குறையேயாயினும், அதுவே பின்னச்சைக் காத்த காவலுமாகும். வீட்டு மின்கம்பியைக் காக்கும் உருகியைப்போல, சுமை மிகுந்தபோது ரயர் விட்டுக்கொடுத்து, தண்டையும் பற்சில்லையும் காப்பாற்றி வந்தது. பிடிமானம் மிகுந்ததும் அக்காவல் நீங்கிவிடுகின்றது. விட்டுக்கொடுக்கும் இடம் நிலத்திலிருந்து உலோகத்துக்கு மாறிவிடுகின்றது. நேற்றுவரை ஐம்பது ஆண்டு உழைத்த அச்சுத்தண்டு, புதிய ரயர் பூட்டிய மறுநாளில் முறிவது இதனாலேயே.

முறிவு என்பது வெறும் பணநட்டம் அன்று. செவ்ரோலேயின் பத்து ஆணிப் பின்னச்சிலும் பன்னிரண்டு ஆணிப் பின்னச்சிலும், அச்சுத்தண்டு வெளியே நழுவாது தடுப்பது டிபரன்சியலினுள்ளே தண்டின் நுனிப் பள்ளத்திற் செருகப்பட்ட, குதிரைலாடம் போன்ற சிறு இரும்புக் கவ்வி ஒன்றே. தண்டு இடையில் முறிந்தால், கவ்வி உள்முனையை மட்டுமே பிடித்து நிற்கும். வெளிமுனையோ சில்லையும் பிரேக் உருளையையும் சுமந்துகொண்டு உறையைவிட்டு வெளியேறிவிடும். விரைந்து செல்லும் காரில் ஒரு பின் சில்லு கழன்றோடுவதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. அச்சாணியற்ற தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் மெய்யாகின்றது. எனவேதான் நேர்ப்பாதைப் போட்டி விதிகள், விரைவுமிக்க கார்களில் இக்கவ்வியை நம்பாது, தண்டை வெளிமுனையிலேயே பிடித்துக்கொள்ளும் அமைப்பை வேண்டுகின்றன.

போர்ட் நிறுவனத்தின் ஒன்பது அங்குலப் பின்னச்சு இத்துறையிற் பெரும்புகழ் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். 1957ஆம் ஆண்டின் மாதிரிகளில் தொடங்கி 1986ஆம் ஆண்டுவரை அந்நிறுவனத்தின் கார்களிலும் சிறு லொறிகளிலும் அது பயன்பட்டது. வளையப் பற்சில்லின் விட்டமே அதற்குப் பெயராயிற்று. அதில் அச்சுத்தண்டை வெளிமுனையில் பேரிங்கோடு சேர்த்து ஒரு தகடு பிடித்து நிற்கின்றது; ஆதலால் தண்டு உள்ளே முறிந்தாலும் சில்லு கழன்றோடாது. பினியனைத் தாங்க வழக்கமான இரண்டு பேரிங்குகளோடு மூன்றாவதொன்று அதன் நுனியில் அமைந்து, பாரம் மிகும்போது அது விலகாமற் காக்கின்றது. பற்சில்லுத் தொகுதி முழுவதையும் முன்புறமாகக் கழற்றி எடுக்கலாமாதலின், விகிதம் மாற்றுவதும் எளிது. ஆனால் பினியன் தாழ்ந்து அமைந்திருப்பதால் பற்கள் ஒன்றன்மேலொன்று அதிகம் தேய்ந்து சுழல்கின்றன. அதனால் ஆற்றலிற் சிறு பகுதி வெப்பமாகக் கழிகின்றது.

செவ்ரோலேயின் பன்னிரண்டு ஆணிப் பின்னச்சின் வளையப் பற்சில்லு 8⅞ அங்குல விட்டமுடையது. அது இவ்விடயத்தில் ஆற்றலைக் குறைவாக இழக்கும். கமாரோவின் இயல்புக்கும் ஒத்தது. வெளிமுனைப் பிடிப்பைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலோருக்கு அது போதும். கிறைஸ்லர் நிறுவனம் தனது ஹெமி எஞ்சினோடு நான்கு கியர்ப் பெட்டி பூட்டிய கார்களுக்கு 9¾ அங்குல வளையப் பற்சில்லுள்ள டானா 60 என்னும் அச்சைத் தெரிந்தெடுத்தது. அது மிக வலியது, மிகக் கனத்தது. இம்மூன்று வகையும் இன்றும் புதிதாக வார்த்து விற்கப்படுகின்றன. ஆதலால் பழைய இரும்புக் குவியல்களிற் தேடவேண்டிய நிலை இல்லை.

அச்சுத்தண்டின் பருமனும் கருதத்தக்கது. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கின்றது. விட்டம் பத்து வீதம் கூடினால் வலிமை 33 வீதம் கூடும். ஆகவே 28 வரிப்பற்கள் கொண்ட தண்டை நீக்கி, 31 வரிப்பற்கள் கொண்ட பருத்த தண்டைப் பூட்டுவது சிறு மாற்றம்போற் தோன்றினும் பெரும்பயன் தருவது.

வேறு நிறுவனத்தின் அச்சைப் பூட்டுவோர் அளவுகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சில்லுத் தட்டு முதற் சில்லுத் தட்டு வரையான அகலம், வில் அமரும் மேடைகளின் இடைத்தூரம், செலுத்துதண்டின் நீளம், மூட்டுகளின் பருமன் ஆகியன ஒத்துவர வேண்டும். கமாரோவின் ஐந்து சில்லாணிகள் 4¾ அங்குல வட்டத்தில் அமைந்தவை. போர்ட் கார்களில் அவ்வட்டம் பொதுவாக 4½ அங்குலம். இதை எண்ணாதவர் முன்னுக்கு ஒரு சில்லும் பின்னுக்கு வேறொரு சில்லும் வைத்திருக்க நேரும். விகிதம் மாறினால் வேகமானியின் சிறு பற்சில்லையும் மாற்ற வேண்டும். இன்றேல் அது பொய் சொல்லும். பின் பிரேக் மாறினால் முன்பின் பிரேக்குகளின் பங்கீட்டையும் சீர்செய்ய வேண்டும். பின் சில்லுகள் முன் சில்லுகளுக்கு முந்தி இறுகினால், கார் நிற்பதற்குப் பதிலாகச் சுழன்றுவிடும்.

பற்சில்லுகளைப் பொருத்தும் வேலை பொறுமையும் கைத்திறனும் வேண்டுவது. பினியனின் ஆழம், பேரிங்குகளின் இறுக்கம், பற்களுக்கிடையே விடும் இடைவெளி ஆகியவற்றை மெல்லிய தகடுகள் வைத்துச் சீராக்க வேண்டும். அவ்விடைவெளி பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு முதற் பத்துப் பங்கு வரை. பற்களில் வண்ணக் குழம்பு பூசிச் சுழற்றி, எவ்விடத்தில் அவை ஒன்றையொன்று தொடுகின்றன என்று பார்ப்பர். தொடும் தடம் பல்லின் நடுவே விழுந்தால் நன்று. ஓரத்தில் விழுந்தால் அவ்வச்சு முதலில் ஊளையிடும், பின்னர் உடையும். புதிய பற்சில்லுகளைத் தொடக்கத்திற் பாரமின்றி ஓட்டி, இடையிடையே ஆறவிட்டு, சில நூறு மைல்களின் பின் எண்ணெயை மாற்றுதல் முறை.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. இக்கார்களின் மூல அச்சுக்களில் விகிதத்தையும் உற்பத்தி நாளையும் குறிக்கும் அடையாள எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கார் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நிலையிலேயே உள்ளது என்பதற்கு அவை சான்று. அச்சான்றை அறுத்தும் உருக்கியும் அழித்துவிட்டால் மீளப் பெறுதல் இயலாது. ஆதலால் அறிவுடையோர் மூல அச்சைத் தொடாது, எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தி வைத்து, வேறோர் அச்சைப் பூட்டி ஓட்டுவர். ஓடும் இன்பமும் கெடாது, வரலாறும் அழியாது.

தொகுத்து நோக்கின், பின்னச்சு ஆற்றலைப் பிறப்பிப்பதன்று. பிறந்த ஆற்றலை நிலத்துக்குச் சேர்ப்பிப்பது. ரயர் முதல் வில், டிபரன்சியல், தண்டு, பிரேக் ஈறாக அனைத்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணியை வலுப்படுத்தினால் பாரம் அடுத்த கண்ணியின்மேல் ஏறும். ஆதலால், எதனை மாற்றுவது என்று கேட்பதோடு நில்லாது, அம்மாற்றத்தால் இனி எது பாரம் சுமக்கப்போகின்றது என்றும் கேட்பவரே இவ்வேலையிற் கைவைக்கத் தகுதியுடையவர். அக்கேள்வியைக் கேட்டு வேலை செய்தவரின் கார் வீதியில் இரு கறுப்புக் கோடுகளை நேராக வரைந்து புறப்படும். கேளாதவரின் கார், வழுக்காத நாளொன்றில் வழியிலே நின்றுவிடும்.